சைனஸ் லிஃப்ட்: முதல் கேஸைத் தொடும் முன்

ஒரு பச்சை முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு நீள்வட்டம் வரையுங்கள். ஹேண்ட்பீஸில் உருண்டை டயமண்ட் பர் மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே அந்தக் கோட்டின் மேல் ஓட்டை மட்டும் தேயுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வு கிழியக் கூடாது. முதல் முட்டை ஒழுகும். இரண்டாவதும் ஒழுகும். ஐந்தாவதோ ஆறாவதோ முட்டையில் ஓட்டுத் துண்டு தனியே கழன்று வரும், சவ்வு முழுசாக நிற்கும். அந்த அனுபவம் கைக்கு வந்த பிறகு சைனஸ் லிஃப்ட் பற்றி, அதாவது மேல் தாடைக் காற்றறையின் தரைச் சவ்வைத் தூக்கி அடியில் எலும்பு வளர்க்கும் அறுவை பற்றி, படிக்க உட்காருவது நல்லது. ஏனென்றால் இந்த அறுவை சிகிச்சையின் நோக்கம் எலும்புதான் என்றாலும், வேலை முழுக்கச் சவ்வோடுதான்.

சாதாரண இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) கேஸ்கள் சிலவற்றை முடித்துவிட்டு, மேல் தாடையின் பின்பகுதியில் எலும்பு போதாத எக்ஸ்ரேயைப் பார்த்துத் தயங்கி நிற்கும் இளம் பல் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நேராகக் கத்தியை எடுக்க வேண்டாம். முதல் சில கேஸ்களில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

எலும்பு எங்கே போனது?

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே இருக்கும் காற்றறைதான் மேக்ஸிலரி சைனஸ். வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு சராசரியாக 12 முதல் 15 மி.லி. பல் இருக்கும்வரை அதன் தரை ஓரளவு இருந்த இடத்தில் இருக்கும். பல்லைப் பிடுங்கிய பிறகு சைனஸ் மேலிருந்து கீழே இறங்குகிறது, ஈறுமேட்டின் எலும்பு கீழிருந்து கரைகிறது. இரண்டு பக்கமும் நெருக்குவதால் நடுவில் மிஞ்சுவது சில சமயம் 2 மி.மீ. கூட இருக்காது. மிஞ்சுகிற எலும்பும் பெரும்பாலும் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும்.

அறையின் உள்ளே போர்த்தியிருப்பது ஷ்னைடேரியன் சவ்வு. ஆரோக்கியமாக இருந்தால் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன். அதன் மேற்பரப்பில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை சளியைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தள்ளி, உட்சுவரின் உச்சியில் இருக்கும் ஆஸ்டியம் என்ற துளை வழியாக மூக்குக்குள் வடிக்கின்றன. இந்தத் துளை தரையிலிருந்து வெகு உயரத்தில் இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். தரையைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் வடிகால் அடைபடாது. வடிகால் சரியாக இல்லாத சைனஸில் கை வைத்தால் அந்த அதிர்ஷ்டம் தலைகீழாகிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். தூக்கிய சவ்வின் அடியில் நீங்கள் நிரப்பும் கிராஃப்ட் துகள்கள் (எலும்பு அல்லது எலும்புக்கு மாற்றான பொருள்) எலும்பாக மாறிவிடுவதில்லை. புது எலும்பு சைனஸின் எலும்புச் சுவர்களிலிருந்தும் தரையிலிருந்தும் ஊர்ந்து வருகிறது. ரத்தக்குழாயும் செல்களும் அங்கிருந்துதான் வர வேண்டும். துகள்களின் வேலை, தூக்கிய சவ்வு மறுபடி கீழே இறங்காமல் இடத்தைப் பிடித்து வைப்பதும், ஊர்ந்து வரும் எலும்புக்குச் சாரமாக நிற்பதும்தான். கிராஃப்டே போடாமல் சவ்வை மட்டும் தூக்கி, இம்ப்ளான்டைக் கூடாரக் கம்பம் போல நிறுத்தினாலும், அடியில் தேங்கிய ரத்தக் கட்டியில் எலும்பு உருவாகிறது என்று 2004-இல் லண்ட்கிரனும் அவரது குழுவினரும் காட்டினார்கள். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் படிகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘சுவருக்கு வழிவிட்டோமா?’ என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டால் விடை தானே வரும்.

முதலில், இது தேவைதானா?

ஹில்ட் டேட்டம் 1970-களில் இந்த முறையைச் செய்து காட்டத் தொடங்கினார். பாய்னும் ஜேம்ஸும் 1980-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் நீள இம்ப்ளான்ட்தான் நம்பகமானது என்ற எண்ணம் இருந்தது, அதனால் 13, 15 மி.மீ. உயரம் தேடி எலும்பைக் கூட்டினார்கள். இன்று 6 முதல் 8 மி.மீ. நீளமுள்ள சொரசொரப்பான பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்கள் பல கேஸ்களில் நன்றாகவே நிற்கின்றன. ஆகவே மிச்ச எலும்பு உயரம் 8 மி.மீ. இருந்தால், சைனஸைத் தொடாமல் முடிக்க முடியுமா என்று பாருங்கள். செய்யத் தெரிந்துவிட்டது என்பதற்காகச் செய்யக் கூடாது. இந்தத் தப்பை நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

5 முதல் 8 மி.மீ. வரை இருந்தால், இம்ப்ளான்ட் போடும் குழி வழியாகவே தரையைத் தூக்கும் உள்வழி முறை போதும். 4, 5 மி.மீ. என்றால் பக்கவாட்டில் ஜன்னல் திறந்து தூக்கி, இம்ப்ளான்டையும் அதே நாளில் வைக்கலாம். ஆனால் அது அசையாமல் பிடித்தால்தான். அதற்கும் கீழே என்றால் முதலில் எலும்பை வளர்த்துவிட்டு, மாதங்கள் கழித்து இம்ப்ளான்ட் வைப்பதே பாதுகாப்பு. இந்த எண்கள் கல்வெட்டு அல்ல. கெட்டியான 4 மி.மீ. எலும்பு, பஞ்சான 6 மி.மீ. எலும்பைவிட இம்ப்ளான்டை நன்றாகப் பிடிக்கும். புதியவர்கள் சந்தேகம் வந்தால் இரண்டு கட்டமாகச் செய்யும் பக்கமே சாயட்டும். இம்ப்ளான்ட் சைனஸுக்குள் விழுந்து, அதைத் தேடி எடுக்கும் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

ஸ்கேனை எப்படிப் படிப்பது

தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இந்த வேலையில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுங்கள். எடுக்கும்போதே, ஆஸ்டியம் வரை சைனஸ் முழுவதும் தெரிய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பல் பகுதியோடு வெட்டிய ஸ்கேனில் எலும்பு உயரம் தெரியும், வடிகால் தெரியாது.

படம் வந்ததும் கை தானாக எலும்பை அளக்கப் போகும். அதைத் தடுத்து முதலில் வடிகாலைப் பாருங்கள். ஆஸ்டியம் திறந்திருக்கிறதா, சவ்வு எங்கெல்லாம் தடித்திருக்கிறது, திரவ மட்டம் தெரிகிறதா? லேசான தடிப்பு நிறையப் பேருக்கு உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் தடிப்பு 5 மி.மீ.க்கு மேல் போனாலோ, துளை அடைபட்டிருந்தாலோ, நோயாளிக்கு அடிக்கடி சைனஸ் தொல்லை உண்டு என்றாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, அவர் சரி என்ற பிறகே தொடருங்கள். தரையில் குவிமாடம் போல உருண்டையாகத் தெரியும் சளி நீர்க்கட்டி பெரும்பாலும் தொந்தரவு செய்யாதது. அது மிகப் பெரிதாக இருந்தால்தான் யோசனை. மேல் தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றின் வேர் நுனியில் சீழ் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வரும் சைனஸ் தொல்லைக்குப் பல் காரணமாக இருப்பது சகஜம்.

அடுத்து தடுப்புச் சுவர்கள். 1910-இல் அண்டர்வுட் விவரித்த இந்த எலும்புத் தடுப்புகள் நான்கில் ஒரு சைனஸிலாவது இருக்கும். தடுப்பின் முனையில் சவ்வு மெலிந்து இறுக்கமாக ஒட்டியிருக்கும், கிழிசல் அங்கேதான் தொடங்கும். தடுப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் தனித்தனி ஜன்னல் வைப்பது நல்லது.

பிறகு ரத்தக்குழாய். பின் மேல் ஆல்வியோலார் தமனியின் ஒரு கிளை, பக்கவாட்டுச் சுவரின் எலும்புக்குள்ளேயே ஓடி, கண்ணுக்குக் கீழே வரும் தமனியோடு சேர்கிறது. ஈறுமேட்டிலிருந்து சராசரியாக 16 மி.மீ. அளவில் மேலே இருக்கும். பல் போய் வெகுகாலமான, எலும்பு நிறையக் கரைந்த தாடையில் இந்தத் தூரம் குறைந்துவிடும். ஸ்கேனில் சுவரின் நடுவே சின்ன கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால், அதன் உயரத்தை எழுதி வைத்து ஜன்னலைக் கீழேயே முடியுங்கள்.

கடைசியாகச் சைனஸின் அகலம். குறுகிய சைனஸில் இரண்டு சுவர்களும் பக்கத்தில் இருப்பதால் எலும்பு சீக்கிரம் நிரம்பும். அகலமான சைனஸில் நடுப்பகுதிக்கு எலும்பு வந்து சேர நாளாகும், அந்த நோயாளிக்குக் காத்திருக்கும் காலத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். ஆனால் குறுகலுக்கும் ஒரு விலை உண்டு. முன்கடைவாய்ப் பகுதியில் சுவர்கள் கூர்மையான கோணத்தில் சந்திக்கும் மூலையில் கருவி திரும்பாது, சவ்வு எளிதில் கிழியும்.

ஸ்கேனுக்கு ஈடாக நோயாளியின் உடல்நிலைக் கேள்விகளும் முக்கியம். தீவிர சைனஸ் அழற்சி, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, எலும்புக் கரைவைத் தடுக்க ரத்தநாளம் வழியாகப் போடும் பிஸ்பாஸ்போனேட் மருந்து ஆகியவை இருந்தால் வேண்டாம் என்றோ, இப்போது வேண்டாம் என்றோ சொல்லத் தயங்காதீர்கள். புகை பிடிப்பவரிடம் விளைவை நேராகச் சொல்லி, நிறுத்த வையுங்கள்.

எந்தக் கிராஃப்ட்?

கடைகளில் கிடைக்கும் குப்பிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். அடிப்படையில் நான்கு வகைதான். நோயாளியின் சொந்த எலும்பு. தானமாக வந்த மனித எலும்பு. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருளெல்லாம் நீக்கி எடுத்த தாதுத் துகள், பயோ-ஆஸ் இதில் அதிகம் அறியப்பட்ட பெயர். ஆய்வகத்தில் செய்த பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸிஅபடைட் போன்றவை.

சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் எலும்பு வேகமாக உருவாகும். ஆனால் அதை எடுக்க உடலில் இன்னொரு இடத்தைத் திறக்க வேண்டும், தனியாகப் போட்டால் சீக்கிரம் கரைந்து உயரமும் குறையும். மாட்டெலும்புத் துகள் இதற்கு நேர் எதிர். வருடக்கணக்கில் கரையாமல் நின்று உயரத்தைக் காக்கும், எலும்பு மெதுவாகத்தான் வரும். இடத்தைப் பிடித்து வைப்பதே கிராஃப்டின் முதல் வேலை என்பதால், புதியவர்களுக்கு மெதுவாகக் கரையும் துகளையே சொல்வேன். ஜன்னல் திறக்கும்போது சுரண்டி எடுக்கும் சொந்த எலும்புத் தூளை அதோடு கலந்துகொள்ளுங்கள், அதற்காக வேறு இடத்தைத் திறக்க வேண்டியதில்லை. நோயாளியிடமோ அவர் வீட்டிலோ விலங்கு மூலப்பொருள் குறித்து மத நம்பிக்கை சார்ந்த தயக்கம் இருக்கலாம். எதிலிருந்து எடுத்தது என்பதை முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.

துகளின் அளவு 0.25 முதல் 1 மி.மீ. வரை உள்ளதும், 1 முதல் 2 மி.மீ. வரை உள்ளதும் கிடைக்கும். சைனஸுக்குப் பெரிய துகள் எனக்குப் பிடிக்கும், இடையில் ரத்தக்குழாய் நுழைய வழி இருக்கும். ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 1 சிசி, இரண்டு மூன்று பற்களுக்கு 2 முதல் 3 சிசி என்று கணக்கு வைத்து, கூடுதலாக ஒரு குப்பி கையில் வைத்திருங்கள். நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்எஃப் கூழில் துகளைக் குழைத்தால் கையாள எளிது, கொட்டிப்போகாது. அதிலிருந்து அதற்கு மேல் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். பிஎம்பி-2 என்ற வளர்ச்சிப் புரதத்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2007-இல் இதே சிகிச்சைக்காக அனுமதி கொடுத்தது. வீக்கம் அதிகம், விலையும் அதிகம், தொடக்கக் கேஸுக்கு அவசியமில்லை.

பக்கவாட்டு ஜன்னல் முறை

ஆன்டிபயாடிக் முதல் டோஸை அறுவைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வழக்கமாக அமாக்ஸிசிலினோ, கிளாவுலானிக் அமிலம் சேர்ந்ததோ. பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் எழுதாதீர்கள். குளோர்ஹெக்ஸிடினால் வாய் கொப்பளிக்கச் செய்து, பின் மேல் ஆல்வியோலார் பிளாக், இன்ஃப்ராஆர்பிட்டல் பகுதி, அண்ணப் பக்கம் என மூன்று இடத்திலும் மரத்துப்போக ஊசி போடுங்கள். அட்ரினலின் கலந்த மருந்து களத்தை உலர்ந்ததாக வைக்கும். பூதக்கண்ணாடி, தலைவிளக்கு இல்லாமல் தொடங்காதீர்கள்.

வெட்டு ஈறுமேட்டின் மேல், சற்றே அண்ணப் பக்கம் தள்ளி. முன்னால் ஒரு செங்குத்து வெட்டு, தேவையானால் பின்னாலும். கணக்கு என்னவென்றால், தையல் விழும் கோடு ஜன்னலுக்கு மேல் வரக் கூடாது, எல்லாப் பக்கமும் அதற்கு வெளியே கெட்டியான எலும்பின் மேல் உட்கார வேண்டும். ஃபிளாப்பை, அதாவது வெட்டிய ஈறு மடலை, முழுத் தடிமனில் பெரியாஸ்டியம் என்ற எலும்பு உறையோடு உயர்த்துங்கள். மேலே போகும்போது, மடலை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர், கண்ணுக்குக் கீழே வரும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பை அழுத்தாமல் எலும்பின் மேல் நிற்கட்டும்.

இப்போது ஜன்னல். கீழ் விளிம்பு சைனஸ் தரைக்கு 2 முதல் 3 மி.மீ. மேலே. ஏன் தரை மட்டத்திலேயே வைக்கக் கூடாது? அந்தச் சிறு வரம்புதான் பிறகு கிராஃப்ட் வெளியே சரியாமல் நிறுத்தும். ரொம்ப மேலே வைத்தாலோ, தரையிலுள்ள சவ்வைக் கண்ணால் பார்க்காமல் தடவித் தடவிப் பிரிக்க நேரும். முன் விளிம்பு சைனஸின் முன்சுவருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 3 மி.மீ. அளவுக்குள். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜன்னலைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, முன்னால் உள்ள குறுகிய மூலைக்குக் கருவியை வளைத்து வளைத்து அனுப்பிச் சவ்வைக் கிழிக்கிறார்கள். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூரான எலும்பு முனை சவ்வைக் குத்தும்.

உருண்டை டயமண்ட் பர்ரைத் தண்ணீரோடு, அழுத்தாமல், தூரிகை போல ஓட்டுங்கள். வெள்ளை எலும்பு மெலிய மெலிய உள்ளிருந்து நீலச் சாம்பல் நிறம் தெரியத் தொடங்கும். அந்த நிறம் வந்த இடத்தில் நிறுத்தி, நிறம் வராத இடத்துக்கு நகருங்கள். நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் மெலிய வேண்டும். மீயொலி அதிர்வால் வெட்டும் பியேசோ கருவியை இதற்குப் பயன்படுத்துவது பற்றி வெர்செல்லோட்டி 2001-இல் எழுதினார். அது எலும்பை வெட்டும், மென்திசுவை அவ்வளவாக வெட்டாது. நேரம் கூடுதலாகும், ஆனால் முதல் கேஸ்களுக்கு அதுதான் நல்ல துணை. அதை வைத்தும் அழுத்தினால் சவ்வு கிழியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நடுவில் நிற்கும் எலும்புத் தீவை உள்ளே மடக்கிக் கதவு போல வைப்பவர்கள் உண்டு, கழற்றி எடுப்பவர்களும் உண்டு. நான் கழற்றுவேன். சவ்வு முழுசாகக் கண்ணுக்குத் தெரியும், எலும்பைப் பொடித்துக் கிராஃப்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொறுமையின் பரீட்சை. முதலில் குட்டையான வட்டக் கருவியால் ஜன்னல் விளிம்பைச் சுற்றி 1, 2 மி.மீ. மட்டும் சவ்வை எல்லாப் பக்கமும் தளர்த்துங்கள். ஒரு பக்கம் ஆழமாகப் போய்விட்டு அடுத்த பக்கம் வந்தால், இறுக்கம் ஒரே இடத்தில் குவிந்து கிழியும். பிறகு சவ்வைப் பிரிக்கும் நீளக் கருவியான எலிவேட்டரை எடுங்கள். அதன் விளிம்பு எப்போதும் எலும்பைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும், எலும்பின் மேல் உலோகம் உரசும் உணர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். அந்த உணர்வு நின்றுவிட்டால் நீங்கள் சவ்வுக்குள் தள்ளுகிறீர்கள் என்று பொருள். முதலில் தரை, பிறகு முன்னும் பின்னும், கடைசியில் உட்சுவர்.

உட்சுவர் வரை போகாமல் பாதியில் நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. வெளிப் பாதியை மட்டும் தூக்கினால், கிராஃப்ட் நன்றாக நிரம்பிவிட்டதாக எக்ஸ்ரே காட்டும். ஆனால் இம்ப்ளான்டின் அண்ணப் பக்கம் சவ்வு சரிந்து கிடக்கும், அங்கே எலும்பு வராது. உட்சுவரும் எலும்பு கொடுக்கும் சுவர், அதை மூடியே வைத்திருந்தால் பாதி ஊற்றை அடைத்த மாதிரி. ஸ்கேனில் அளந்த உயரம் வரை அந்தச் சுவரில் ஏறுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உறிஞ்சும் குழாயைச் சவ்வுக்கு நேராகக் காட்டாதீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் இழுத்துக் கிழித்துவிடும். அசிஸ்டென்டிடம் இதைத் தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள், நடுவில் கத்திப் பயனில்லை.

சவ்வு மேலே போனதும் நோயாளியை மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். சவ்வு மூச்சோடு ஏறி இறங்கினால் முழுசாக இருக்கிறது.

நிரப்பும்போது துகளை உப்புநீரிலோ ரத்தத்திலோ நனைத்து, உட்சுவர்ப் பக்கம் முதலில் வையுங்கள். இம்ப்ளான்டையும் இன்றே வைப்பதாக இருந்தால் உட்பாதியை நிரப்பி, இம்ப்ளான்டைப் போட்டு, பிறகு வெளிப்பாதியை நிரப்ப வேண்டும். இறுக்கித் திணிக்காதீர்கள். துகளுக்கு இடையே இடைவெளி இல்லையென்றால் சுவரிலிருந்து வரும் ரத்தக்குழாய் எங்கே நுழையும்? அளவுக்கு மீறி நிரப்பினால் சவ்வு அழுகலாம், வடிகாலும் அடைபடலாம். தேவையான உயரத்துக்கு 1, 2 மி.மீ. கூடுதல், அவ்வளவுதான்.

ஜன்னலின் மேல் கொலாஜன் மெம்பிரேனை விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. படும்படி போர்த்துங்கள். ஈறுத் திசு உள்ளே புகுந்து எலும்பின் இடத்தைப் பிடிக்காமல் இது காக்கும். ஃபிளாப்பை இழுக்காமல் மூடி, 4-0 அல்லது 5-0 நூலால் தையுங்கள். இழுத்துத் தைத்த காயம் ஒரு வாரத்தில் வாய் திறக்கும்.

சவ்வு கிழிந்துவிட்டால்

கிழியும். ஆய்வுத் தொகுப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கேஸில் கிழிந்ததாகக் கணக்கு இருக்கிறது. தேர்ந்த கைகளிலும் கிழிகிறது. என் முதல் கிழிசலில் நான் செய்த தவறு, எவ்வளவு பெரிது என்று பார்க்க அதே இடத்தில் மறுபடி கருவியை நுழைத்தது. மூன்று மி.மீ. ஓட்டை எட்டு மி.மீ. ஆயிற்று.

கிழிந்தது தெரிந்ததும் கையை எடுங்கள். கிழிசலைத் தொடாமல், அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சவ்வைத் தளர்த்திக்கொண்டு வாருங்கள். இறுக்கம் போனதும் சிறு கிழிசல் தானே மடிந்து மூடிக்கொள்ளும். 5 மி.மீ.க்குள் இருந்தால் அதன் மேல் ஒரு கொலாஜன் துண்டு போதும். 5 முதல் 10 மி.மீ. என்றால் கெட்டியான, பெரிய மெம்பிரேனைக் கூரை போல வைத்து, விளிம்பை ஜன்னலுக்கு வெளியே மடித்து நிறுத்த வேண்டும். அதையும் தாண்டினால் மெம்பிரேனைப் பை போல உள்ளே முழுக்க விரித்து அதற்குள் கிராஃப்ட் வைக்கும் முறை உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மெம்பிரேன் எலும்புச் சுவர்களையும் சேர்த்து மறைத்துவிடும், எலும்பு தாமதமாகத்தான் வரும். புதியவருக்கு என் சிபாரிசு: பெரிய கிழிசலில் கிராஃப்ட் போடாமல் மூடிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் சவ்வு ஆறியபின் திரும்ப வரலாம். நோயாளியிடம் இந்தச் சாத்தியத்தை முன்பே சொல்லி வைத்திருந்தால், மூடி அனுப்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மூடாத ஓட்டை வழியாகச் சைனஸுக்குள் சிதறிய துகள் வடிகாலை அடைத்துச் சீழ் பிடித்தால்தான் தலைவலி.

எலும்புக்குள் ஓடும் தமனி வெட்டுப்பட்டால் களம் நிறைந்துவிடும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, நனைத்த காஸை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் எலும்பு மெழுகு. மின்கருவியால் சுடுவதென்றால் சவ்வு பக்கத்தில் இருப்பது நினைவிருக்கட்டும்.

குழி வழியாகத் தூக்குவது

சம்மர்ஸ் 1994-இல் வெளியிட்ட, ஆஸ்டியோடோம் என்ற உளி போன்ற கம்பியைத் தட்டிச் செய்யும் முறை இது. இம்ப்ளான்டுக்கான குழியைச் சைனஸ் தரைக்கு 1 முதல் 2 மி.மீ. முன்னதாக நிறுத்தி, எக்ஸ்ரேயில் உறுதி செய்துகொண்டு, நுனி குழிந்த ஆஸ்டியோடோமைச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். தரை உடையும்போது சத்தம் மாறும், கணீரென்று இருந்தது மந்தமாகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிராஃப்டைக் குழிக்குள் வைத்து, ஆஸ்டியோடோமால் மெதுவாகத் தள்ளினால், கருவி சவ்வைத் தொடாமல் கிராஃப்டே அதைத் தூக்கும். 3, 4 மி.மீ. வரை கூட்டலாம். வீக்கமும் வலியும் பக்கவாட்டு முறையைவிடக் குறைவு.

இது எளிது என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கண் தெரியாமல் செய்யும் வேலை, கிழிந்தாலும் தெரியாது. தரை சரிவாக இருந்தால் ஆஸ்டியோடோம் ஒரு பக்கம் வழுக்கும், தட்டையான தரையுள்ள கேஸை முதலில் தேர்ந்தெடுங்கள். சுத்தியல் அதிர்வால் சிலருக்கு உள்காதின் நுண்கற்கள் இடம் பெயர்ந்து, எழுந்ததும் தலை கிறுகிறுக்கும். எப்லி முறையில் தலையைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் காரணம் தெரியாவிட்டால் நோயாளி பயந்துவிடுவார். எலும்பைப் பக்கவாட்டில் நெருக்கும் டிரில்களும், நீரழுத்தத்தால் சவ்வைத் தூக்கும் கருவிகளும் இப்போது சுத்தியலின் தேவையைக் குறைத்திருக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பும்போது

வாயால் சொல்வதோடு தாளிலும் கொடுங்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, புகை கூடாது, விமானப் பயணமும் நீருக்குள் மூழ்குவதும் தள்ளிப்போட வேண்டும். தலையணை உயரமாக. முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் அது ஜன்னல் பக்கம் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் போடாமல் இருப்பதே நல்லது.

முதல் ஓரிரு நாள் மூக்கில் சிறிது ரத்தம் வரலாம், கன்னம் நீலம் பாரிக்கலாம். இவை போகும். மூக்கில் கெட்ட நாற்றம், சீழ், குறைந்த வீக்கம் திரும்ப ஏறுவது, காய்ச்சல், மூக்கிலிருந்து துகள் விழுவது ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். கிராஃப்டில் தொற்று என்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். ரத்த ஓட்டம் இன்னும் வராத துகளுக்கு மருந்தும் போய்ச் சேராது. திறந்து, கழுவி, கெட்டதை எடுத்துவிடுவதே வழி. தேவையானால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையலைப் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிக்கலாம்.

காத்திருப்பும் இரண்டாவது கட்டமும்

சொந்த எலும்பு அதிகம் கலந்திருந்தால் 4 முதல் 6 மாதம், மாட்டெலும்புத் துகள் மட்டும் என்றால் 6 முதல் 9 மாதம். நோயாளி அவசரப்படுத்துவார். எக்ஸ்ரேயும் ஏமாற்றும். துகள் முதல் நாளிலிருந்தே வெள்ளையாகத் தெரிவதால், எலும்பு வந்துவிட்டது போலவே இருக்கும். படத்தைவிட நாட்காட்டியை நம்புங்கள், அகலமான சைனஸ் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் டிரில் இறங்கும்போது எதிர்ப்பு இருக்க வேண்டும், சொரசொரவென்று மணல் தெறிப்பது போலத் துகள் தளர்ந்து வந்தால் இன்னும் ஆறவில்லை. மூடிவிட்டுக் காத்திருங்கள். ஆறியிருந்தால் கடைசி டிரில்லைத் தவிர்த்து, குழியை ஒரு அளவு குறைவாகவே வெட்டி இம்ப்ளான்டை இறுக்கமாகப் போடுங்கள். அதன் மேல் பல் வைக்க மேலும் மூன்று மாதமாவது ஆகட்டும். முதலில் கடிக்கும் பாரம் குறைவாக விழும் தற்காலிகப் பல், பிறகு நிரந்தரமானது.

ஒரு வருடம் கழித்து எடுக்கும் படத்தில் கிராஃப்டின் உச்சி கொஞ்சம் தாழ்ந்து, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு புதிதாக ஓடும். அதுதான் சைனஸின் புதுத் தரை. அந்தக் கோடு இம்ப்ளான்டின் நுனிக்கு மேலே போகிறதா, நுனியை ஒட்டி நிற்கிறதா என்று அளந்து கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட எடுத்து வையுங்கள்.